அவசரக்கார மண்

தெலங்கானாவின் சல்கா நிலத்தில் மழைக்கும் விதைப்புக்கும் நடுவே கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களை நீட்டிக்கும் வழி வயலுக்குப் பக்கத்திலேயே, ஏரிக்குள் கிடக்கிறது.

ஜூன் மாதத்தின் முதல் நல்ல மழைக்கு மூன்றாம் நாள், ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் பட்டான்செரு வரை போய்ப் பாருங்கள். அங்கே இக்ரிசாட் என்கிற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. வேலிக்குள்ளேயே, நடந்து போகிற தூரத்தில், இரண்டு மண்கள். கரிசலில் கால் வைத்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும். டிராக்டரை இறக்க இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும். செம்மண் பக்கம் வந்தால் மழை பெய்த சுவடே மங்கத் தொடங்கியிருக்கும். மேலே மெல்லியதாக ஒரு தோல் காய்ந்து கிடக்கும். விரலால் கிள்ளினால் அப்பளம் போல் உடையும். ஒரே வானம், ஒரே மழை. ஒரு மண் இன்னும் குளித்து முடிக்கவில்லை. மற்றது தலை துவட்டி வெளியே கிளம்பிவிட்டது.

இந்த இரண்டாவது மண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1972-ல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் ஏறக்குறைய 1,400 ஹெக்டேர் நிலத்தில் அமைந்திருக்கிறது. வறட்சிப் பகுதி விவசாயத்தின் இரு முக்கிய மண்களும் ஒரே இடத்தில் கிடைத்தது ஆய்வுக்குப் பெரிய வசதி. வளாகத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட கிராமங்களில் ஒன்று காசிரெட்டிபள்ளி. ஊர் போய்விட்டது, பெயர் போகவில்லை. அங்கிருந்த கரிசலை உலகம் முழுவதும் மண்ணியல் நூல்கள் 'காசிரெட்டிபள்ளி வரிசை' என்றே குறிப்பிடுகின்றன. செம்மண்ணுக்குப் 'பட்டான்செரு வரிசை' என்று பெயர். விஞ்ஞானிகள் வைத்த பொதுப்பெயர் ஆல்ஃபிசால். அந்தப் பெயரைச் சொன்னால் சுற்றியுள்ள கிராமங்களில் யாருக்கும் தெரியாது. அங்கே அது சல்கா, பேச்சு வழக்கில் செல்க. மணல் இன்னும் கூடினால் துப்பா. கரிசல் ரேகடி.

தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பல்லடம் பக்கத்து மேட்டுக்காட்டுக்காரர்களுக்கும் இந்த மண்ணைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செவ்வல், செங்காடு, சரளைக்காடு என்று ஊருக்கு ஒரு பெயர். கோவைக்குப் பக்கத்து இருகூரின் பெயரிலும் ஒரு செம்மண் வரிசை உண்டு.

இங்கே ஒரு பழைய தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு விவசாய அறிக்கையை மொழிபெயர்க்கும்போது 'சல்கா' என்ற சொல்லுக்கு 'நீரை எளிதில் உள்வாங்கும் மணற்பாங்கான செம்மண்' என்று எழுதினேன். மணல் என்றால் நீர் இறங்கும், இதில் என்ன சந்தேகம்? அச்சானதைப் படித்த என் தாய்மாமா, தர்மபுரிப் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரி வைத்திருந்தவர், ஒரே கேள்வி கேட்டார்: "உள்ளே வாங்குற மண்ணா இருந்தா, மழை பேஞ்ச அன்னைக்கு எங்க ஓடையில ஏண்டா செவப்புத் தண்ணி போகுது?" எம்.ஏ. தமிழில் அதற்குப் பதில் இல்லை. பதில் பட்டான்செருவில் இருந்தது.

ஹைதராபாத்தைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல நிற்கும் பாறைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்தக் கருங்கல்லின் குழந்தைதான் சல்கா. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து, முதலில் கரகரப்பான சரளையாகிறது. தெலுங்கில் இதற்கு 'மொரம்' என்று பெயர். நம் ஊரில் சாலை போடுகிறவர்கள் கிராவல் என்பார்கள். அது இன்னும் சிதைந்தால் மண். கருங்கல்லில் உள்ள படிகக்கல் துகள்கள் எளிதில் கரைவதில்லை, அவை மணலாகத் தங்கிவிடுகின்றன. இரும்புச்சத்து காற்றோடு சேர்ந்து துருவாகிச் சிவப்பு நிறம் தருகிறது. மண்வெட்டியால் ஒரு குழி எடுத்தால் வரலாறு முழுவதும் தெரியும். மேலே சாண் உயரத்துக்கு மணல் மிகுந்த மண். பட்டான்செரு வரிசையில் இந்த மேலடுக்கில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை மணல்தான். அதற்குக் கீழே களி கூடிய கருஞ்சிவப்பு அடுக்கு. அதற்கும் கீழே மொரம், பிறகு பாறை. சில இடங்களில் இந்த முழு வரலாறும் முழங்கால் ஆழத்துக்குள் முடிந்துவிடும்.

நூற்றுக்கு எண்பது பங்கு மணல் இருந்தும் நீர் ஏன் இறங்குவதில்லை?

மழைத்துளியிலிருந்து தொடங்க வேண்டும். கோடை முடிந்து அடிக்கும் முதல் மழையில் துளிகள் பெரியவை. அவை உழுத மண்கட்டிகள்மேல் சம்மட்டிபோல விழுகின்றன. கரிசலில் களி அதிகம், கோடையில் விட்ட வெடிப்புகளும் அகலம். முதல் மழை நேராக வெடிப்புக்குள் போய்விடும். சல்காவில் வெடிப்பு இல்லை. மண்கட்டியைப் பிடித்துவைக்கப் போதுமான களியும் இல்லை, மக்கும் இல்லை. கட்டி உடைந்து, கொஞ்சம் இருக்கும் நுண்ணிய தூள் மணலின் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்கிறது. சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பூச்சு உருவாகிறது. திண்ணை மெழுகியதுபோல. அதன்மேல் விழும் அடுத்த மழை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இக்ரிசாட் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்ததில், பருவத்தின் தொடக்கத்தில் கரிசலைவிடச் செம்மண்ணிலிருந்துதான் அதிக நீர் வழிந்தோடுகிறது என்பது தெரியவந்தது. பருவம் முற்றி, கரிசல் குடித்து நிறைந்த பிறகுதான் அதிலிருந்து நீர் ஓடத் தொடங்குகிறது.

மழை நின்று வெயில் வந்ததும் அந்தப் பூச்சு காய்ந்து பொருக்காகிறது. பொருக்கு என்பது நல்ல தமிழ்ச் சொல், விவசாயி இன்றும் புழங்கும் சொல். ஆமணக்கு விதையும் நிலக்கடலையும் பெரியவை, முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். சோளமும் கம்பும் என்ன செய்யும்? முளை பொருக்கின் அடியில் முட்டி, வளைந்து, மஞ்சளாகி மடிகிறது. விதை கெட்டது என்று வியாபாரியைத் திட்டுகிற விவசாயி, சில சமயம் மண்ணைக் கிளறிப் பார்த்தால் முளைத்த விதைகள் உள்ளேயே சுருண்டு கிடப்பதைக் காண்பார். மறு விதைப்பு என்றால் மறுபடி விதை, மறுபடி கூலி, மறுபடி மழைக்காகக் காத்திருத்தல்.

குறுந்தொகையில் ஒரு புலவருக்குச் செம்புலப்பெயல்நீரார் என்றே பெயர். அவருடைய இயற்பெயர் தெரியாததால், செம்மண்ணில் விழுந்த மழைநீரைக் காதலுக்கு உவமையாக்கிய அவர் பாட்டிலிருந்தே பெயரும் வந்தது. தமிழ் படித்த யாருக்கும் அந்தச் சிவந்த நீர் கலப்பின் அழகு. மண் அரிப்பை அளக்கிறவர்களுக்கு அது நிலம் வெளியேறிக்கொண்டிருப்பதன் அடையாளம். என் மாமாவின் ஓடையில் போன செவப்புத் தண்ணியும் அதுதான். ஓடுகிற நீர் முதலில் தூக்கிச் செல்வது களியையும் மக்கையும். தூக்க முடியாத மணலும் கல்லும் தங்கிவிடுகின்றன. எனவே சரளை என்பது இந்த நிலத்தின் பிறவிக்குணம் மட்டுமல்ல, மீதியும்கூட. கல் பொறுக்கப் பொறுக்கக் கல் முளைக்கிறது என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான். கல் முளைப்பதில்லை, மண் இறங்குகிறது. அதற்காக எல்லாக் கல்லையும் பொறுக்கிவிடுவதும் புத்திசாலித்தனமல்ல. மேலே கிடக்கும் சிறு கற்கள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. அவற்றின் நிழலில் பொருக்கு குறைகிறது, ஈரமும் கொஞ்சம் நிற்கிறது.

அடுத்தது நாட்கணக்கு. ஆழமான கரிசல், பயிர் உறிஞ்சக்கூடிய நீராக 200 மில்லிமீட்டருக்கு மேல் பிடித்துவைக்கும். சல்கா பிடிப்பது 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை. வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், கரிசல் ஒன்றரை மாதம் தாக்குப்பிடிக்கும். சல்காவுக்குப் பத்து நாள், மிஞ்சினால் இருபது. ஹைதராபாத் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆனால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ இரண்டு மூன்று வாரம் வானம் வாயை மூடிக்கொள்வது இங்கே சகஜம். கரிசல்காரர் அந்த மூன்று வாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரலாம். சல்காக்காரர் தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விதைப்பிலும் இதே அவசரம்தான். தெலுங்கு விவசாயியின் காலண்டர் கார்த்தெகளால் ஆனது. ஜூன் 7 அல்லது 8-ல் பிறக்கும் மிருகசிரக் கார்த்தெக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். அதற்குமுன் சல்காவில் ஏர் இறங்காது. காய்ந்தால் அது செங்கல், மாடு முழங்கால் போடும். கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கலாம். சல்காவில் மழை வர வேண்டும். வந்தபின் மண் பதமாக இருக்கும் நாட்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த நாட்களுக்குள் உழுது, விதைத்து, மூட வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அதே நாட்கள். சொந்த மாடு அல்லது டிராக்டர் உள்ளவர் முதல் நாளே விதைக்கிறார். வாடகைக்கு எடுப்பவரின் முறை வரும்போது மேல் ஈரம் போயிருக்கும். ஒரே ஊரில், ஒரே மண்ணில், ஒரே மழைக்கு இருவருடைய விளைச்சலும் வேறாக இருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல, வரிசையில் நிற்கும் இடமே காரணம். சிறு விவசாயி மாடு வளர்ப்பதை நஷ்டக் கணக்கு என்று சொல்லும் நிபுணர்கள், இந்த இரண்டு மூன்று நாளின் விலையைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

முளைத்த பின்னும் வேலை ஓயாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பொருக்கை உடைக்க வேண்டும். அதற்கென்றே இங்கே குண்டக என்று ஒரு கருவி உண்டு. மரக்கட்டையில் பொருத்திய நீண்ட இரும்புக் கத்தியை மாடு இழுத்துப் போகும். மேல்மண்ணை அரை அங்குலம் சீவினாற்போல நகரும். களையும் போகிறது, பொருக்கும் உடைகிறது, அடுத்த மழை உள்ளே போக வழி கிடைக்கிறது.

இக்ரிசாட்டின் பெரும் வெற்றி கரிசலில் நிகழ்ந்தது. அகலப் பாத்தி, அதன் ஓரங்களில் சால், மழைக்கு முன் விதைப்பு, ஆண்டுக்கு இரண்டு பயிர் என்ற முறையை 1976 முதல் ஒரே நீர்ப்பிடிப்பு நிலத்தில் தொடர்ந்து சோதித்தார்கள். பல பத்தாண்டுச் சராசரியில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஐந்து டன் தானியம் கிடைத்தது. பக்கத்தில் பழைய முறை நிலத்தில் ஒரு டன். அதே அகலப் பாத்தியைச் செம்மண்ணில் போட்டபோது பலன் இல்லை. சமதளமாக விட்ட நிலத்தைவிட அதிக நீரும் மண்ணும் ஓடின. பாத்தியின் சரிவு நீரைச் சாலுக்குத் தள்ளியது. சாலோ பூச்சு அடைத்த வாய்க்காலாகி நீரை விரட்டியது. ஆழ உழுதும் பார்த்தார்கள். சில மழைகளுக்குள் மண் பழையபடி இறுகிவிட்டது. நன்றாக வேலை செய்தது எது? வைக்கோல் மூடாக்கும் தொழு உரமும். துளியின் அடியை வைக்கோல் வாங்கிக்கொள்கிறது, மண்ணைத் தொழு உரம் பிடித்துவைக்கிறது. விடை கிடைத்ததுதான். ஆனால் தெலங்கானாக் கிராமத்தில் வைக்கோலை வயலில் பரப்பினால் மாடு எதைத் தின்னும்?

1985-ல் ஹைதராபாத் சந்தோஷ்நகரில் தொடங்கிய மத்திய மானாவாரி விவசாய ஆராய்ச்சி நிறுவனம், ஹயாத்நகர் பண்ணையில் இதே மண்ணோடு மல்லுக்கட்டி வருகிறது. ஓடுகிற நீரைப் பண்ணைக் குட்டையில் பிடித்து, காய்ச்சல் காலத்தில் ஒரே ஒரு தண்ணீர் கட்டினால் பயிர் பிழைக்கும் என்பது நியாயமான யோசனை. அங்கேயும் சல்கா ஒரு குறும்பு செய்கிறது. வயலின் மேற்பரப்பில் நீரை உள்ளே விடாத அதே மண், குட்டை தோண்டி மொரம் தட்டுப்பட்டதும் நீரைத் தாராளமாக ஒழுக விடுகிறது. குட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால்தான் தண்ணீர் நிற்கும். விரிப்புக்குப் பணம் வேண்டும்.

இந்த மண்ணின் குறைகளையே முதலாக வைத்துப் பிழைப்பு நடத்தியவர்கள் காகதிய மன்னர்கள். மேடும் பள்ளமுமான பூமி, வழிந்தோடும் நீர், அடியில் பாறை. ஏரி கட்ட இதைவிட நல்ல இடம் எது? பாக்கால், ராமப்பா, லக்னவரம் ஏரிகள் அவர்கள் காலத்தவை. சின்ன ஏரிகளுக்குக் கணக்கே இல்லை. பட்டான்செரு என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது, தெலுங்கில் செருவு என்றால் ஏரி. வயலிலிருந்து களியும் மக்கும் எங்கே போயின? ஏரிக்கு. கோடையில் ஏரி வற்றியதும் அந்த வண்டலை மாட்டு வண்டியில் ஏற்றி மேட்டு வயலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். தமிழ்நாட்டில் கரம்பை அடிப்பது என்போமே, அதேதான். இடையர்களைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டார்கள். மண்ணியலில் ஒரு வரியும் படிக்காமல், பட்டான்செருச் சோதனைகள் பிற்பாடு சொன்ன இரண்டையும், களியையும் மக்கையும், மண்ணுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

வண்டல் போட்ட சல்கா, மழை இல்லாத காலத்தில் கூடுதலாக நான்கு முதல் ஏழு நாள் வரை பயிரைத் தாங்குகிறது என்று ஆய்வுகள் காட்டின. பத்து நாள் தாங்கும் மண்ணில் ஐந்து நாள் என்பது சின்ன விஷயமா? பயிர் பிழைப்பதும் காய்வதும் பல ஆண்டுகளில் அந்த ஐந்து நாளுக்குள்தான் முடிவாகிறது.

தெலங்கானா தனி மாநிலமான பிறகு 2015 மார்ச்சில் தொடங்கிய மிஷன் காகதியா, 46,000-க்கும் மேற்பட்ட ஏரிகளைத் தூர்வாரத் திட்டமிட்டது. பெயரைப் பார்த்தாலே சரித்திரம் தெரியும். அரசு செலவில் பொக்லைன் தோண்டியது. வண்டலை வயலுக்குக் கொண்டுபோகும் செலவு விவசாயியுடையது. ஒரு ஏக்கருக்குப் பத்துக்கணக்கான டிராக்டர் லோடு வேண்டும். ஏரியை ஒட்டிய நிலக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தள்ளியிருக்கும் மேட்டு நிலத்தில்தான் வண்டல் அதிகம் தேவை, அங்கேதான் டிராக்டர் வாடகையும் அதிகம். தமிழ்நாட்டிலும் 2017-ல் ஏரி, குளங்களிலிருந்து வண்டலை இலவசமாக எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி தரப்பட்டது. இலவசம் என்பது மண்ணுக்குத்தான், வண்டிக்கு அல்ல. தொழிற்சாலைகள் சூழ்ந்த பட்டான்செருப் பக்கத்திலோ வேறு சிக்கல். பல பத்தாண்டுகளாக ரசாயனக் கழிவு கலந்த நீர்நிலைகள் அவை. அந்த வண்டலை வயலில் போடுவதற்குமுன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பயிர் இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்பதும் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. மகபூப்நகர், நல்கொண்டா மாவட்டங்களின் சல்காவில் ஒரு காலத்தில் ஆமணக்கு கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. வேர் ஆழமாகப் போகும், வாடினாலும் மழை வந்ததும் துளிர்க்கும். ஒரே குறை, வயலில் ஒன்பது மாதம் நிற்கும். 1960-களின் இறுதியில் நியூட்ரான் கதிர்வீச்சால் உருவாக்கப்பட்ட அருணா என்ற ரகம் அந்தக் காலத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. இங்கேயும் விஞ்ஞானம் சம்பாதித்துக் கொடுத்தது நாட்களைத்தான். இன்று நாட்டின் ஆமணக்கு குஜராத்துக்குப் போய்விட்டது. தெலங்கானாச் சல்காவில் பருத்தி நிற்கிறது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு அது கரிசலைத் தாண்டி இந்த மேட்டுக்கும் ஏறியது. ஆழமில்லாத இலேசான மண்ணில் மானாவாரியாகப் பருத்தி போடாதீர்கள் என்று வேளாண் துறையினர் சொல்லாமலில்லை. ஆனால் சோளத்தையும் ஆமணக்கையும் வாங்க ஆள் இல்லாத சந்தையில், பருத்தியை வாங்க ஆள் இருக்கிறான். காய் பிடிக்கும் நேரத்தில் மூன்று வாரம் மழை நின்றால் மொத்தச் செலவும் கடன்.

இன்னொரு பக்கம் நெல். ஒன்றுபட்ட ஆந்திராவில் 2004-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. தெலங்கானாவில் 2018 ஜனவரி முதல் அது 24 மணி நேரமாயிற்று. போர்வெல்லும் மின்சாரமும் இருந்தால் சல்காவையும் சேறாக்கி நாற்று நடலாம். சேற்றுழவு மண்ணின் துளைகளை அடைத்து நீரை நிறுத்துகிறது. வயலில் சாபமாக இருந்த பூச்சையே விவசாயி கையால் உண்டாக்குகிறார், சாமர்த்தியம்தான். ஆனால் பாறைப் பூமியில் நிலத்தடி நீர் என்பது மொரத்திலும் பாறை இடுக்கிலும் தேங்கும் கொஞ்சம் நீரே. பக்கத்து வயலில் நூறு அடி ஆழமாக ஒரு போர் இறங்கினால் நம் போர் காற்று வாங்கும்.

மாநில நிலத்தில் ஏறக்குறைய பாதி செம்மண். அரசுப் பணத்தின் பெரும்பகுதி அதற்குத் தண்ணீர் கொண்டுவருவதில் போகிறது. மண்ணைத் தண்ணீர் பிடிக்க வைப்பதற்குப் போவது மிகக் குறைவு. அணைக்கும் கால்வாய்க்கும் திறப்பு விழா உண்டு. தொழு உரத்துக்குக் கிடையாது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டான்செருவிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஜஹீராபாத். அங்கே சரளை கலந்த சிவந்த தரிசுகள்தான் நிலச் சீர்திருத்தத்தில் தலித் குடும்பங்களுக்குக் கிடைத்தன. ஊரில் யாருக்கும் வேண்டாத நிலம். 1983-ல் தொடங்கிய டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் பெண்கள் சங்கங்கள் அவற்றில் வரப்பு போட்டு, எரு போட்டு, சோளமும் தினையும் துவரையும் அவரையுமாக ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து விதைத்தன. ஒன்று காய்ந்தால் இன்னொன்று நிற்கும். 1990-களின் நடுவில் தரிசைத் திருத்தக் கடன் கொடுத்து, கடனைச் சோளமாகத் திருப்பி வாங்கி, ஊர் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் தரும் தானியக் கிடங்குகளையும் நடத்தினார்கள். 2008-ல் சொந்த வானொலி. 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு. அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பி.வி. சதீஷ் 2023 மார்ச்சில் காலமானார். இதை நாடு முழுவதற்கும் மாதிரி என்று சொல்லிவிட முடியாது. கூடிச் செய்யும் உழைப்பு அவ்வளவு வேண்டும். ஆனால் சல்கா விளையாது என்ற பேச்சுக்கு அந்த வயல்கள் பதில் சொல்லிவிட்டன.

மற்ற ஊர்களில் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். 1975-ல் இக்ரிசாட் தன் கிராம ஆய்வுகளுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்களில் அவுரெப்பள்ளியும் டோக்கூரும் அன்றைய மகபூப்நகர் மாவட்டத்துச் செம்மண் ஊர்கள். குடும்பம் குடும்பமாக வரவுசெலவு எழுதியதில், பயிர் பொய்க்கும் ஆண்டுகளில் வீட்டைக் காப்பாற்றுவது வெளியூர்க் கூலி என்பது ஏட்டில் ஏறியது. மகபூப்நகருக்குப் பழைய பெயர் பாலமூரு. 'பாலமூரு கூலி' என்றால் அணை கட்டுகிற இடங்களில் நாடு முழுக்கத் தெரியும். அடுத்தவர் நிலத்துக்குக் கால்வாய் வெட்டியவர்களின் சொந்த நிலம் பத்து நாள் ஈரத்தில் நின்றது.

தமிழில் கரிசலுக்கு இருக்கும் இலக்கியம் சரளைக்கு இல்லை என்று ஒரு குறை எனக்கு உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதியே தொகுத்தார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டார அகராதியில் மேட்டுக்காட்டுச் சொற்கள் இடம் பெற்றன, அந்த அளவில் ஆறுதல். பொருக்கு, கரம்பை, கிடை, பதம் போன்ற சொற்கள் இன்னும் பேச்சில் இருக்கின்றன. டிராக்டர் வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கு அவற்றில் பாதி தெரியாது.

சல்காவுக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கட்டடக்காரர்களுக்கு இது தங்கம். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவரைப் பிளக்கும். அஸ்திவாரத்துக்கே பெரும் பணம் போகும். மொரம் அசையாது. மாதாப்பூரில் 1998-ல் சைபர் டவர்ஸ் எழுந்தது கருங்கல்லும் சரளையுமான பூமியில்தான். அதன்பின் நகரம் எந்தத் திசையில் நகர்ந்தாலும் விவசாயத்துக்கு உதவாது என்று சொல்லப்பட்ட நிலம் முதலில் மனையாகிறது.

கோடை மாதங்களில் ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையைத் தாண்டிய கிராமச் சாலைகளில் இரண்டு வகை வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, ஏரியில் கறுப்பு வண்டலை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போகும் டிராக்டர். மற்றது, மேட்டு நிலத்தைப் பெயர்த்தெடுத்த சிவப்பு மொரத்துடன் நகரத்துக்குப் போகும் டிப்பர் லாரி. சாலை குறுகல். டிராக்டர்தான் ஓரம் கட்டி வழி விடுகிறது.